பேராதனைக் குரல் நமக்கு அந்நியமோ?

(கண்டியில் தமிழ்த் தொழில்வல்லாரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பேராதனை மாணவரின் கிளர்ச்சி. “அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? அது சிங்கள இளைஞரின் காரியம். அவர்கள் ஊர்வலம் போகட்டும், நாம் நம்முடைய கொழுந்தையும் மரக்கறியையும் வழக்குக் கட்டுகளையும் பார்த்துக்கொண்டிருப்போம்” என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் இக்கருத்துப் பரவலாகவே உண்டு. இதனை ஏளனம் செய்ய நான் வரவில்லை. அதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமற் சொல்வேன். ஆயினும் அக்காரணங்களையெல்லாம் நிறுத்துப் பார்த்த பின்னரும், ஒதுங்கி நிற்பது நமக்கு நன்மை தராது என்பதே என் துணிபு.

கலகா சந்தியில் நடந்தது

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் நாள். நாட்டில் அவசரகால நிலை பிரகடனமாகி இரண்டு நாள்களே ஆகியிருந்தன. ஊரடங்குச் சட்டம் விதிக்கப்பட்டிருந்தது. மக்கள் தம்முட் செய்தி பரிமாறிக்கொள்ளும் சமூக ஊடகங்களையும் அரசாங்கம் அன்று முடக்கி வைத்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு, நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்த நாளிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரடங்கை மீறி வெளியே வந்தார்கள். பொலிசார் தடுப்பு வேலியிட்டு, கண்ணீர்ப்புகை அடித்து, நீர்த்தாரை பாய்ச்சினர்.

ஒன்பது நாள் கழிந்தது. ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கமே உலகுக்கு அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 வீதத்துக்கும் மேற்பட்டது. மாணவர் வீதியில் இறங்கிக் கேட்ட கேள்விக்கு அரசாங்கத்தின் சொந்த அறிவிப்பே விடையாயிற்று.

அவர்கள் கேட்டது என்ன? நாட்டின் பெயரால் கடன் வாங்கியவர் யார்? அப்பணம் எங்கே போயிற்று? அதனைத் திருப்பிக் கொடுக்கும் பாரத்தை யார் தலையில் ஏற்றப் போகின்றீர்கள்? இம்மூன்று கேள்விகளிலே தமிழனுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி எது? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பாரம் யார் தலையில்?

சர்வதேச நாணய நிதியத்தில் இலங்கை சேர்ந்தது 1950இல். அதனிடம் முதன்முதலாகக் கடனுதவி ஏற்பாடு செய்துகொண்டது 1965இல். அன்று தொடங்கிப் பலமுறை அந்த வாயிலுக்குச் சென்று, 2023ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் ஏறத்தாழ 300 கோடி டொலர் பெறுமதியான, 48 மாத உடன்படிக்கைக்கு மீண்டும் அனுமதி பெற்றோம். கஜானா வெறுமையாயிருக்கையில் கடன் வாங்காமல் இருக்க முடியுமா என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்நியச் செலாவணி இல்லாத நாடு எங்கேனும் கைநீட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் கடன் வாங்குவது வேறு. அக்கடனின் நிபந்தனைகளை யார் சுமப்பது என்று மூடிய அறைக்குள் முடிவுசெய்வது வேறு.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் சராசரி 66 வீதம் உயர்ந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதி முதலான ஓய்வுகால நிதிகளே குறைந்த வட்டியை ஏற்கவேண்டியதாயிற்று. அந்நிதியிலே யாருடைய பணம் இருக்கின்றது? கொழும்பிலே குளிரூட்டிய அறையில் இருப்பவனுடைய பணம் மட்டுமா? தெல்தோட்டையிலும் கலகாவிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த நம் தாயின் சம்பளத்தில் மாதந்தோறும் வெட்டிச் சேர்த்த பணமும் அதிலே இருக்கின்றது. அவளை யாராவது கேட்டார்களா? அவளுடைய மொழியிலே ஒரு துண்டுத்தாளாவது கொடுத்தார்களா?

விவசாயப் பெருமக்களே, உங்களைக் கேட்டார்களா? 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடைசெய்தார்கள். நவம்பரில் அத்தடையைத் தளர்த்தினார்கள். இடையிலே சென்ற போகத்தை உங்களுக்கு யார் திருப்பித் தந்தார்? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. பசளைத் தடையை விதித்தது நாணய நிதியம் அன்று, நம்முடைய அரசாங்கமே. ஆயினும் நோய் ஒன்றுதான். மண்ணைக் கொத்துகிறவனைக் கேளாமல் மண்ணைப் பற்றி முடிவுசெய்கின்ற நோய் அது.

தொழில்வல்லாராகிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். மாணவர் வீதியில் நின்றபோது “இஃதென்ன ஒழுங்கீனம்” என்று சலித்துக்கொண்டவர் நம்மிற் சிலர். 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆக்கப்பட்டதும் மருத்துவரும் பொறியியலாளரும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் பதாகை ஏந்தி அதே வீதிக்கு வந்தனர். ஒழுங்கீனம் அன்று எங்கே போயிற்று? தன் கலத்துச் சோறு குறைந்தபோது எழுந்த குரல், அயலவன் கலம் வெறுமையாயிருந்தபோதும் எழுந்திருக்க வேண்டாமா?

பழைய பாடம் ஒன்று

இது புதிய கதையன்று. 1953ஆம் ஆண்டிலே ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். உணவு மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கித் தூதுக்குழுவொன்று அதற்கு முன்னரே ஆலோசனை கூறியிருந்தது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஏழையின் சோற்றுக் கோப்பையைக் கணக்குப் புத்தகத்தில் ஓர் இலக்கமாக மட்டும் காண்பவர்க்கு அன்றே ஒரு பாடம் புகட்டப்பட்டது.

கடல் கடந்த சாட்சி

பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். கனடா தேசத்து வன்கூவர் நகரில் பிரித்தானிய கொலம்பியப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1997 நவம்பர் 25ஆம் நாள், ஆசிய பசுபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் தலைவர்கள் அப்பல்கலைக்கழக வளவிலேயே மாநாடு கூடினர். இந்தோனேசியாவை முப்பது ஆண்டுக்கு மேலாக அடக்கி ஆண்ட சுகார்ட்டோவும் அங்கே விருந்தினர். கிழக்குத் திமோரை ஆக்கிரமித்தவரை எங்கள் கல்விக்கூடத்திலே வரவேற்பதா என்று மாணவர் கிளர்ந்தனர். பொலிசார் அவர்கள் முகத்திலே மிளகுச் சாற்றைப் பீய்ச்சினர், பதாகைகளை அகற்றினர், பலரைக் கைதுசெய்தனர்.

அங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய வேறுபாடு வருகின்றது. மாணவர் முறையிட்டனர், பகிரங்க விசாரணை நடந்தது. ரெட் ஹியூஸ் என்பார் நடத்திய விசாரணையின் அறிக்கை 2001இல் வெளிவந்தது. பொலிசாரின் நடத்தையை அது கண்டித்தது. மிளகுச் சாறு பீய்ச்சிய கையைக் கேள்வி கேட்க அந்நாட்டிலே ஒரு வழி இருந்தது.

சுகார்ட்டோவின் கதை அதற்குமுன்னரே முடிந்துவிட்டது. 1997இல் ஆசியாவைத் தாக்கிய நிதி நெருக்கடியில் இந்தோனேசியா நாணய நிதியத்தை நாடியது. 1998 மே மாதம் எரிபொருள் விலை ஏறியது. மே 12ஆம் நாள் ஜகார்த்தாவிலே திரிசக்தி பல்கலைக்கழக மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாணவர் வெள்ளம் பாராளுமன்ற வளவையே நிறைத்தது. மே 21இல் சுகார்ட்டோ பதவி விலகினார். கிழக்குத் திமோர் மக்கள் 1999இல் தம் தீர்ப்பை வாக்காக அளித்தனர்; 2002இல் சுதந்திரம் பெற்றனர். விலையேற்றத்திலே தொடங்கிய கிளர்ச்சி, ஒடுக்கப்பட்ட சிறிய இனமொன்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது. தமிழர் ஊன்றிப் படிக்கவேண்டிய வரலாறு இது.

நம் மனத்திலுள்ள முள்

இனி, நான் முன்னே சொன்ன காரணங்களுக்கு வருகின்றேன். “நமக்கு இடர் வந்தபோது இம்மாணவர் எங்கே இருந்தனர்?” என்று கேட்கின்றீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

1945இல் இலவசக் கல்வி வந்தது. நாடே கன்னங்கராவைப் போற்றியது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1970களிலே தரப்படுத்தல் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியது. 1983 மே மாதத்திலே இதே பேராதனை வளவிலேதான் தமிழ் மாணவர் தாக்கித் துரத்தப்பட்டனர். அடித்தவர் சக மாணவர். இரண்டு மாதம் கழித்து நாடே எரிந்தது. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவரொருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதன் பின்னரே 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. உலகத்து அநீதியை எதிர்ப்பதாகச் சொல்பவர், விடுதி அறையிலே புதிய மாணவனை முழந்தாளில் நிறுத்துவாராயின், அவர்தம் நீதிப் பேச்சை யார் நம்புவர்?

இவை யாவும் உண்மை. இவற்றை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லேன். ஆனால் இந்த முள்ளைக் காலிலேயே வைத்துக்கொண்டு நடவாதிருப்பதா, பிடுங்கிவிட்டு நடப்பதா என்பதே இன்றைய கேள்வி.

ஒருவர்க்கு வெட்டிய குழி

1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். நீதிமன்றிலே குற்றம் சாட்டாமலே பதினெட்டு மாதம்வரை ஒருவரைத் தடுத்துவைக்க அது வழிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் எத்தனை தமிழ் இளைஞர் ஆண்டுக்கணக்கில் சிறையிலே வாடினர்! அன்று தென்னிலங்கையிலே எழுந்த எதிர்ப்புக் குரல் மிகச் சிறிது. அது வடக்குக் கிழக்கான் தலைக்குச் செய்த கத்தி, நம் கழுத்துக்கு வராது என்று பலர் எண்ணியிருந்தனர்.

வராமற் போயிற்றா? 2022 ஆகஸ்ட் 18ஆம் நாள் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே கைதானார். ஊர்வலம் நடத்திய மாணவர் தலைவரையும் அதே சட்டத்தின்கீழ்த் தடுத்துவைத்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 ஜனவரி 31ஆம் நாள் கொழும்பு நீதவான் நீதிமன்றம் அச்சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. ஒருவர்க்கு வெட்டிய குழியிலே மற்றவர் விழுந்தார்.

இதைக் கண்டு மகிழ்வது தமிழர்க்கு அழகன்று, அறிவும் அன்று. “எங்களுக்குச் செய்தபோது நீ சும்மாயிருந்தாய், உனக்குச் செய்யும்போது நான் சும்மாயிருக்கிறேன்” என்பது பழிதீர்த்ததாகத் தோன்றலாம். அந்தக் கணக்கிலே வெல்பவர் ஒருவரே: சட்டத்தைக் கையிலே வைத்திருப்பவர். மாறாக, “இச்சட்டத்தின் வலி எங்களுக்குத் தெரியும், இதை உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்” என்று சொல்லும் தகுதி இந்நாட்டிலே தமிழனுக்கே முதலாவதாக உண்டு. 2022 செப்டம்பரிலே காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டைவரை அச்சட்டத்தை நீக்கக் கோரிக் கையெழுத்து வேட்டை நடந்தது. வடக்கிலே தொடங்கிய கோரிக்கை தெற்குக் கடற்கரையிலே போய் முடிந்தது. அதே ஆண்டு மே 18ஆம் நாள் காலிமுகத்திடற் போராட்டக் களத்திலே முள்ளிவாய்க்காலில் மடிந்தோரை நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறப்பட்டது. இவை சிறிய செயல்களே. எனினும் 1983 மே மாதத்துப் பேராதனையோடு ஒப்பிட்டு நோக்குங்கள், தூரம் விளங்கும்.

மூன்று குண்டுகள்

இம்மலைநாட்டு மண்ணிலே விழுந்த மூன்று உயிர்களைச் சொல்கின்றேன். 1940 ஜனவரியில், இக்கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே, கூலி உயர்வு கேட்ட தொழிலாளருள் கோவிந்தன் பொலிசார் குண்டுக்கு இரையானான். 1976 நவம்பர் 12ஆம் நாள், பேராதனைப் பல்கலைக்கழக வளவிலே வீரசூரிய என்ற மாணவன் பொலிசார் குண்டுக்கு இரையானான். ஆறு மாதம் சென்றது. 1977 மே 11ஆம் நாள், தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்திலே, தொழிலாளரின் வாழ்விடத்தைப் பறிக்கும் காணிப் பங்கீட்டை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிசார் குண்டுக்கு இரையானான்.

ஒருவன் சிங்களவன், இருவர் தமிழர். ஒருவன் புத்தகம் ஏந்தியவன். இருவர் மண்வெட்டி ஏந்தியவர். குண்டுக்கு மொழி தெரியாது. ஆனால் நாமோ, ஆண்டுதோறும் வீரசூரியவை அவர்கள் நினைக்க, கோவிந்தனையும் லெட்சுமணனையும் நாம் நினைக்க, நடுவிலே ஒரு மலையை நிறுத்தி வைத்திருக்கின்றோம். பேராதனையிலிருந்து கலகாவுக்குச் செல்லும் வீதி பல்கலைக்கழகத்தின் நடுவே புகுந்து, ஹந்தானை மலையடியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கே போய்ச் சேருகின்றது. வீதி பிரித்து வைக்காதவரை நாம் ஏன் பிரித்து வைக்கவேண்டும்?

செய்யத்தக்கது என்ன?

பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஆதலால் நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, வழக்கறிஞர்களுக்கு: அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தமைக்காக ஒரு மாணவன் கண்டி நீதிமன்றத்திலே நிறுத்தப்படுவானாயின், அவன் பெயர் எம்மொழிப் பெயர் என்று பாராமல் எழுந்து வாதாடுங்கள். நம்முடைய பிள்ளைகளுக்காக வாதாடிய சிங்கள வழக்கறிஞர் இருந்தனர் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, தமிழ் மாணவர்களுக்கு: மாணவர் சங்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்து நிற்காதீர்கள், உள்ளே செல்லுங்கள். அறிக்கைகள் தமிழிலும் வரவேண்டுமென்று கேளுங்கள். பகிடிவதையை ஒழிக்காத சங்கம் நீதி பேசத் தகுதியற்றது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிரான கோரிக்கையிலே, ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த தமிழரின் பெயர்களும் இடம்பெறவேண்டும் என்று வற்புறுத்துங்கள். 1983இல் நடந்தது தவறென்று அச்சங்கங்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நாம் கேட்கும் ஒரே வாடகை அதுவே.

மூன்றாவது, விவசாயிகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும்: பொருளியல் கற்கும் மாணவரை உங்கள் ஊருக்கு அழையுங்கள். பசளை விலையும், கொழுந்தின் விலையும், சேமலாப நிதிக் கணக்கும் அவர்கள் உங்களிடம் படிக்கட்டும். அந்த உடன்படிக்கையிலே என்ன எழுதியிருக்கின்றது என்பதை அவர்களிடம் நீங்கள் படியுங்கள். பல்கலைக்கழகம் உங்கள் வரிப்பணத்திலே நடப்பது.

நான்காவது, நம் எல்லோருக்கும்: நாட்டின் பெயரால் வெளிநாட்டு நிறுவனங்களோடு செய்யப்படும் பொருளாதார உடன்படிக்கை ஒவ்வொன்றும் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட்டு, ஒப்பமிடுமுன் பாராளுமன்றத்திலே விவாதிக்கப்படவேண்டும் என்பதை நம் கோரிக்கைகளில் ஒன்றாக ஆக்குவோம். தமிழரின் அரசியற் கோரிக்கைகளை இது குறைக்காது. அதிகாரம் மக்களிடம் பகிரப்படவேண்டும் என்று கேட்பவர், அம்மக்களின் பணத்தைப் பற்றிய முடிவும் அவர்களிடம் பகிரப்படவேண்டும் என்று கேட்பதே முறை.

அன்பர்களே! அரசாங்கங்கள் வரும், போகும். கடன்கள் தீரும், மீண்டும் வரும். இளைஞன் ஒருவன் எழுந்து “இது யாருக்காக?” என்று கேட்கும் உரிமை ஒருமுறை போய்விட்டால் எளிதில் மீளாது. அவ்வுரிமையை இழந்து வாழ்ந்த அனுபவம் நமக்கு இருக்கின்றது. அதன் அருமை அறிந்தவர் நாம். ஆகவே அதனைக் காப்பதிலும் நாமே முன்னிற்போமாக.